மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்



"உங்களுக்கு மிகவும் பிடித்த நூல் எது, ஹஜ்ரத்?" என்று மதரஸாவில் என் மாணவர்கள் அடிக்கடி வினவுவதுண்டு. மார்க்க நூல்கள் நீங்கலாகச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனையும் விதிப்பார்கள். நான் இரண்டைச் சொல்வேன். அவ்விரண்டையும் எழுதியவர்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்!

முதலாவது, சிலம்புச் செல்வர் ம.பொ. சிவஞானம் எழுதிய 'எனது போராட்டம்'. 1906-இல் சென்னையில் பிறந்த அவர், வறுமையால் படிப்பை இழந்து, அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக உழைத்தார். உணவுக்கு வைத்திருந்த காசில் பழைய புத்தகங்களை வாங்கிவிட்டுப் பசியோடு இருந்த நாட்கள் பல. அவரே பின்னர் 1966-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். ஆந்திராவிலிருந்த எங்கள் திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்ததில் அவர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பெரும் பங்குண்டு. இவ்வூர்ப் பள்ளியில் நான் தமிழில் பாடம் படித்ததற்கு அந்தப் புத்தகப் பித்தருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அந்தப் பித்து எனக்கும் சிறிது உண்டு. சென்னைக்குச் செல்லும்போதெல்லாம் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி ஒன்றை வாங்கி, திரும்பும் மின்ரயிலில் அரக்கோணம் வருவதற்குள் பாதியைப் படித்துவிடுவேன். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், பிள்ளைகள் ஓத வருவதற்கு முன் கிடைக்கும் அரைமணி நேரத்தில், தேநீரோடு மீதியை முடிப்பேன். இதைவிட மலிவான இன்பம் எது?

இரண்டாவது, நாகூர் சித்தி ஜுனைதா பேகம் எழுதிய 'காதலா? கடமையா?' என்னும் நாவல். முஸ்லிம் பெண்கள் எழுதுவதே அரிதாக இருந்த 1938-இல் அது வெளிவந்தது. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையரே பாராட்டினார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பெண்மணிக்கு, வாசிப்பு அன்றோ அந்த நடையைத் தந்தது!

இந்நூலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் தாயாரின் நினைவு வரும். அவர்களும் மூன்றாம் வகுப்புதான். மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த தாளைக்கூடப் பிரித்துப் படித்த பிறகே அடுப்பில் இடுவார்கள். "வேலையைப் பார்க்காமல் என்ன படிப்பு?" என்று வீட்டிலுள்ளோர் கடிந்துகொள்வோம். ஆம், நானும்தான். அவர்கள் வஃபாத்தான பின், அரிசிப் பானைக்குப் பின்னால் மடித்து வைத்த ஒரு தாள் கிடைத்தது. ஏதோ ஒரு தொடர்கதையின் ஒரு பக்கம். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஓதிக்கொடுக்கும் நான், பெற்ற தாய்க்கு ஒரு முழுப் புத்தகத்தை வாங்கித் தரவில்லை.

வாசகர்களே! பெண் மக்களின் சீர்வரிசையில் பாத்திரங்களை எண்ணி வைக்கிறோம். ஒரு புத்தகத்தையாவது வைக்கிறோமா? விலை கொடுத்து வாங்க இயலாவிடினும் நூலகம் இருக்கிறது. 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்தியே வருகிறோம். பணம் கட்டிய பந்தியில் நம் பெண்கள் மட்டும் ஏன் பசியோடு நிற்க வேண்டும்?

இந்த வாரமே உங்கள் மகளை, மனைவியை, தாயாரை நூலகத்திற்கு அழைத்துச் சென்று உறுப்பினராக்குங்கள். அவர்கள் படிக்கும் அரைமணி நேரம் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தேநீர் சற்றுச் சுவை குன்றினாலும் குறையில்லை.

என்னைப் போல் காலம் கடந்து வருந்தும் நிலையிலிருந்து அல்லாஹ் உங்களைக் காப்பானாக! ஆமீன்.