நோயாளியின் சொல்லே முதற்பாடம்

வைத்திய சாத்திரத்தை நூல்களிற் கற்கலாம். நோயாளியோடு பேசும் முறையையோ ஆசானின் பின்னே நடந்துதான் கற்கவேண்டும். யாழ்ப்பாணத்து வைத்தியசாலையொன்றில், முதிய வைத்தியர் ஒருவரோடு நோயாளர் விடுதிகளைச் சுற்றிவந்த மாணவப் பருவத்திலே இவ்வுண்மை எனக்குப் புலனாயிற்று.

அவர் எமக்கு விதித்த நியதி ஒன்றே. நோயாளி தம் துன்பத்தை எந்தச் சொல்லாற் கூறுகின்றாரோ, அந்தச் சொல்லையே நோய்க்குறிப்பில் முதலில் எழுதவேண்டும். ஆங்கிலக் கலைச்சொல் அதன் பின்னரே வரலாம். நாம் படிப்பது ஆங்கிலத்தில். நோயாளர் நோவதோ தமிழில். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள ஒழுங்கையிலேதான் நோய் ஒளிந்துகொள்கிறது என்பார் அவர்.

ஒருநாள் கமக்காரப் பெரியவர் ஒருவர், “கால் விறைக்குது, தம்பி” என்றார். விறைப்பு என்னும் சொல் எம்மவர் வழக்கில் இருபொருள் தருவது. மூட்டு மடங்காத இறுக்கமும் விறைப்பே. உணர்ச்சி அற்றுப்போதலும் விறைப்பே. முன்னையது மூட்டு நோயைத் தேடச் சொல்லும். பின்னையது நரம்பை நோக்கச் சொல்லும். ஆசான் கட்டிலருகே அமர்ந்து, “ஐயா, நடக்கேக்கை செருப்புக் கழண்டால் தெரியுமோ?” என்று கேட்டார். “வீட்டை வந்து பாத்தால்தான் ஒண்டைக் காணேல்லை எண்டு தெரியும்” என்றார் பெரியவர். நாம் சிரித்தோம், ஆசான் சிரிக்கவில்லை.

10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையொன்றைப் பெரியவரின் பாதத்தில் ஊன்றினார். கண்மூடியிருந்த அவருக்கு அது தெரியவேயில்லை. குதிக்காலின் அடியில், முள் தைத்த புண்ணொன்று நோவின்றியே பழுத்திருந்தது. நீரிழிவு மிக நீண்ட நரம்புகளின் நுனிகளையே பெரும்பாலும் முதலிற் பற்றுகின்றது. ஆதலால் பாதமே முதலில் ஊமையாகின்றது. புண் வளர்ந்தால் காலையே இழக்க நேரும். அன்று அதனைக் காட்டித்தந்தது செருப்பைப் பற்றிய அந்த ஒரு கேள்வியே.

தமிழில் நோயை அறியும் இம்முயற்சி எம்மண்ணுக்குப் புதிதன்று. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் எம் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தைப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1864 முதல் தமிழிற் கற்பிக்கலானார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. தமிழிற் கற்றவர் தம் ஊரவரிடையே தங்கித் தொண்டாற்றுவர் என்பது அவர் நம்பிக்கை. அவர் நூல்கள் இன்று பாடப்புத்தகங்களல்ல. ஆயினும் அவர் கண்ட தேவை இன்னும் தீர்ந்துவிடவில்லை.

விடுதி நிறைய நோயாளர் காத்திருக்க, ஒருவரின் சொல்லை இவ்வாறு ஆராய நேரமேது என்று எம்முள் ஒருவர் ஆசானைக் கேட்டதுண்டு. “பிழையான ஒழுங்கைக்குள்ளே விரைந்து ஓடினவன் திரும்பி வர எவ்வளவு நேரம் செல்லும்?” என்பதே அவர் அளித்த விடை.

இன்று என்னோடு விடுதிக்கு வரும் மாணவரின் குறிப்பேட்டில் நான் முதலில் தேடுவது நோயின் பெயரையன்று. நோயாளி சொன்ன சொல்லை. அது அங்கே இல்லையெனின், அவர்களை மீண்டும் அக்கட்டிலருகே அனுப்பிவிடுகின்றேன்.