கருவறையிலேயே குணமாக்கலாமா?



பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்து சில நாட்களில் தெளிவது வழக்கம். சில குழந்தைகளுக்கு அது தெளிவதேயில்லை. கிரிக்லர்-நஜ்ஜார் என்ற பரம்பரை நோயில், பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமியை வெளியேற்ற உதவும் நொதி கல்லீரலில் வேலை செய்வதில்லை. நிறமி மூளையில் படிந்தால் உயிருக்கே ஆபத்து. தினமும் பல மணி நேரம் நீல ஒளியில் குழந்தையைக் கிடத்த வேண்டும். கடுமையான வகைக்கு நிரந்தரத் தீர்வு கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே.

தாய், தந்தை இருவரும் ஒரே மரபணுக் குறையைச் சுமந்தால், ஒவ்வொரு பேற்றிலும் இந்நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் மணமுடித்தால் இந்த வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகள், அத்தை மகள் என்று உரிமை பேசும் நம் கொங்குப் பகுதியில் இதை மனதில் கொள்ள வேண்டும். அக்காள் மகளையோ, மாமன், அத்தை மகளையோ மணப்பது ஆயரின் விலக்கு இன்றிச் செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1091.

முதல் குழந்தையை இழந்த பெற்றோர், "அடுத்ததைக் கருவிலேயே குணமாக்க முடியாதா?" என்று கேட்பது இயல்பு. நல்ல குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) கருவில் செலுத்தலாம் என்பதே மருத்துவர்களின் எண்ணம். கருவின் நோய் எதிர்ப்பு ஆற்றல் முதிராததால், அந்நிய அணுக்களை அது ஏற்றுக்கொள்ளக்கூடும். மூளை கெடும் முன்பே சிகிச்சையும் தொடங்கிவிடும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், ஆல்ஃபா தலசீமியா என்ற இரத்த நோயுள்ள கருவுக்குத் தாயின் எலும்பு மஜ்ஜை அணுக்களைச் செலுத்தினர்; அக்குழந்தை 2018இல் பிறந்தது. கல்லீரல் நோய்களுக்கோ இம்முறை இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை. பிறந்தபின் செலுத்தும் முயற்சி நம் நாட்டிலேயே நடந்தது. ஐதராபாத் டெக்கான் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், கிரிக்லர்-நஜ்ஜார் நோயுள்ள குழந்தைக்குச் சிசுவின் கல்லீரல் அணுக்களைச் செலுத்தியதை 2008இல் வெளியிட்டனர்.

இங்கேதான் நம் மனச்சான்று ஒரு கேள்வி கேட்கிறது: அந்த அணுக்கள் எங்கிருந்து வந்தன?

கருவிலுள்ள குழந்தையும் ஒரு நோயாளியே. உயிரை மதித்து, அளவுமீறிய ஆபத்தின்றி அதற்குச் சிகிச்சை அளிக்கலாம் என்று 'உயிரின் கொடை' (1987) ஏடு கற்பித்தது. 'மனித மாண்பு' (2008) ஏடு மேலும் தெளிவாக்கியது. வளர்ந்தவரின் திசு, தொப்புள்கொடி இரத்தம், இயற்கையாக இறந்த சிசு ஆகியவற்றிலிருந்து அணுக்களை எடுக்கலாம். உயிருள்ள கருவை அழித்து எடுப்பது பெரும் தவறு. ஒரு பிள்ளையைக் காக்க இன்னொரு பிள்ளையைப் பலியாக்க நமக்கு உரிமையில்லை.

எனவே பெற்றோரே, குடும்பத்தில் இந்நோய் இருந்தால் திருமண ஓலை வாசிக்கும் முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள். "குருத்தணுவால் கல்லீரல் குணமாகும்" என்ற விளம்பரத்தை நம்பி நிலத்தை விற்காதீர்கள். இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கே இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள். தேசிய அரிய நோய்கள் கொள்கையின் (2021) கீழ், சில கல்லீரல் வளர்சிதை மாற்ற நோய்களுக்கான மாற்று அறுவைக்கு நிதியுதவி கிடைக்கும், மருத்துவரிடம் கேளுங்கள்.

பரிசோதனையில் குறை தெரிந்தவுடன் "கலைத்துவிடு" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்ல ஆள் வேண்டும். எலிசபெத்தின் வயிற்றில் துள்ளிய குழந்தையை அறிந்த நாம், நம் பங்கில் அப்படியொரு தாய் இருந்தால், இந்த வாரமே அவர் வீட்டுப் படியேறுவோமா?