ரிவ்யூவில் 90 மார்க்... பிளேயர்கள் சொல்வது ‘நெகட்டிவ்’! புது கேம் வாங்கும் முன் யாரை நம்புவது?

முதல் நாள் முதல் ஷோ முடிந்து வெளியே வந்தால் தியேட்டர் வாசலில் மைக்கோடு நாலு பேர் நிற்பார்கள். “அண்ணே, படம் எப்படி இருக்கு?” நெல்லையில் சினிமா பார்க்கும் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி இது. அடுத்த ஷோவுக்கு டிக்கெட் எடுக்கலாமா, வேண்டாமா என்பதை அந்த ரெண்டு நிமிஷ வீடியோவைப் பார்த்து முடிவு செய்பவர்கள் ஏராளம்.

வீடியோ கேம் உலகத்திலும் இதே கதைதான். ஒரு வித்தியாசம் உண்டு. சினிமா டிக்கெட் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெரிய கேம் ஒன்றின் விலை சுமார் 3,000 முதல் 5,000 ரூபாய் வரை. பாளையங்கோட்டையில் ரூம் எடுத்துப் படிக்கும் ஒரு கல்லூரி மாணவருக்கு அது ஒரு மாத மெஸ் பில்.

அதிலும் ‘ஓப்பன் வேர்ல்டு ஃபேண்டஸி’ வகை கேம்கள் வரும்போதெல்லாம் ஒரு சண்டை கிளம்பும். டிராகன், மந்திரவாதி, கோட்டை, காடு என்று ஒரு முழு உலகத்தையே உருவாக்கி, ‘உன் இஷ்டத்துக்குச் சுத்திக்கோ’ என்று விட்டுவிடும் கேம்கள் இவை. ரிவ்யூ எழுதுபவர்கள் 90 மார்க் கொடுப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய பிளேயர்கள் ‘ஏமாத்திட்டாங்க’ என்பார்கள். யார் சொல்வது உண்மை? விரிவாகப் பார்க்கலாம்.

கேம் வெளியாவதற்கு முன்பே ரிவ்யூ எப்படி வருகிறது?

படத்துக்கு பிரஸ் ஷோ போடுவது போல, கேம் நிறுவனங்கள் விமர்சகர்களுக்குச் சில நாட்கள் அல்லது வாரங்களுக்கு முன்பே கேமை இலவசமாக அனுப்பும். கூடவே ஒரு நிபந்தனையும் வரும். ‘இந்தத் தேதி, இந்த நேரம் வரை எதுவும் வெளியிடக் கூடாது.’ இதற்குப் பெயர் ‘எம்பார்கோ’. அந்த நேரம் வந்ததும் உலகம் முழுக்க எல்லா ரிவ்யூவும் ஒரே நிமிஷத்தில் வந்து கொட்டும். ‘மெட்டாகிரிட்டிக்’ போன்ற தளங்கள் அவற்றைச் சேர்த்து, நூற்றுக்கு இத்தனை என்று ஒரே மார்க்காகக் காட்டும்.

பிளேயர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. பிசி கேம்களை விற்கும் ‘ஸ்டீம்’ தளத்தில், அந்த கேமைத் தன் கணக்கில் வைத்திருப்பவர்தான் கருத்து எழுத முடியும். அங்கே மார்க் கிடையாது. பரிந்துரைக்கிறேன் அல்லது பரிந்துரைக்கவில்லை, இரண்டில் ஒன்று. எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் பக்கத்திலேயே தெரியும்.

பிரச்சினை தொடங்குவது இந்த இரண்டும் மோதும்போதுதான். மூன்று உதாரணங்கள் பார்ப்போம்.

1. எல்டன் ரிங்: விமர்சகர்கள் கொண்டாட்டம், ஸ்டீமில் ‘மிக்ஸ்டு’

2022 பிப்ரவரி 25-ல் வெளியான ஜப்பானிய கேம் ‘எல்டன் ரிங்’. ‘ஃப்ரம்சாஃப்ட்வேர்’ நிறுவனம் உருவாக்கியது. இரண்டு நாள் முன்பே வந்த ரிவ்யூக்கள் மெட்டாகிரிட்டிக்கில் 95-க்கு மேல் மார்க்கை ஏற்றிவிட்டன. ஆனால் வெளியான அன்று ஸ்டீமில் அதன் நிலை ‘மிக்ஸ்டு’. அதாவது ஆதரவும் எதிர்ப்பும் கலந்த நிலை.

பிளேயர்கள் கேம் மோசம் என்று சொல்லவில்லை. பிசியில் ஓடும்போது திக்கித் திக்கி நிற்கிறது என்றார்கள். வெளியீட்டு நிறுவனமும் பிரச்சினையை ஒப்புக்கொண்டு, சரிசெய்கிறோம் என்றது. பிறகு அப்டேட்கள் வந்தன, கருத்துகளும் மாறின. ஒரு மாதத்துக்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றன. அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதையும் அதுவே வாங்கியது.

இங்கே ரிவ்யூவும் பொய் சொல்லவில்லை, பிளேயரும் பொய் சொல்லவில்லை.

2. டிராகன்ஸ் டாக்மா 2: மார்க்கில் தெரியாத விஷயம்

2024 மார்ச் 22-ல் ‘கேப்காம்’ நிறுவனம் வெளியிட்ட ஃபேண்டஸி கேம் இது. ரிவ்யூக்களில் நல்ல மார்க். ஆனால் முதல் நாளே ஸ்டீமில் ‘மோஸ்ட்லி நெகட்டிவ்’, அதாவது பெரும்பாலும் எதிர்ப்பு.

கோபத்துக்கு இரண்டு காரணங்கள். முதலாவது, கூட்டமான ஊர்ப் பகுதிகளில் கேம் மெதுவாகிவிடுகிறது. ஊர்மக்கள் ஒவ்வொருவரின் நடமாட்டத்தையும் கணக்குப் போட பிராசசர் திணறியதுதான் அதற்குக் காரணம். இரண்டாவது, முழு விலை கொடுத்து வாங்கிய கேமுக்குள் கதாபாத்திரத்தின் முகத்தை மாற்றும் வவுச்சர் முதல் பல பொருட்களுக்குத் தனியாகக் காசு கேட்டது. இந்தக் கடை, கேம் வெளியான அன்றுதான் பெரும்பாலான பிளேயர்கள் கண்ணில் பட்டது.

கேப்காம் மன்னிப்பு கேட்டது. அந்தப் பொருட்களை விளையாடியே பெறலாம் என்றும் விளக்கம் கொடுத்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கேம் மெதுவாகிறது என்பதைப் பல விமர்சகர்கள் தங்கள் கட்டுரையில் எழுதித்தான் இருந்தார்கள். ஆனால் நம்மில் பலர் படித்தது மார்க்கை மட்டும்தான்!

3. சைபர்பங்க் 2077: மறைக்கப்பட்ட பாதி

இது ஃபேண்டஸி இல்லை, எதிர்கால நகரக் கதை. ஆனால் ஓப்பன் வேர்ல்டு கேம் வாங்குவோர் மறக்கவே கூடாத பாடம். 2020 டிசம்பர் 10-ல் வெளியானது. மூன்று நாள் முன் வந்த ரிவ்யூக்கள் 90 மார்க்கை ஒட்டி இருந்தன. ஆனால் விமர்சகர்களுக்குக் கொடுத்தது பிசி பதிப்பு மட்டும்தான். அதிலும், அவர்கள் தாங்கள் விளையாடிய காட்சிகளைக் காட்ட முதலில் அனுமதி இல்லை. நிறுவனம் கொடுத்த வீடியோவைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் கேமைப் போட்டதும் அதிர்ச்சி. படம் தெளிவில்லை, கேம் பாதியில் நின்றுவிடுகிறது. சுமார் ஒரே வாரத்தில் சோனி நிறுவனம் தன் ஆன்லைன் கடையிலிருந்தே கேமை நீக்கி, பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. 2021 ஜூனில்தான் மறுபடியும் விற்பனைக்கு வந்தது. பல அப்டேட்களுக்குப் பிறகு அதே கேம் இன்று பாராட்டப்படுகிறது என்பது தனிக்கதை.

மற்ற இரண்டிலும் தகவல் ஏதோ ஒரு மூலையில் இருந்தது. இதில், வாங்குபவருக்குத் தேவையான தகவல் வெளியே வரவே வழி இல்லாமல் போனது. கோபத்துக்கு முழு நியாயம் இருந்தது.

ஒரே பக்குவம், வேறே தண்ணி

நெல்லைக்காரர்களிடம் அல்வா பற்றிக் கேட்டால் ஒன்று சொல்வார்கள். “அதே கோதுமை, அதே சீனி, அதே நெய், அதே மாஸ்டர். ஆனா தாமிரபரணித் தண்ணி இல்லைன்னா அந்த ருசி வராது.” கேமும் அப்படித்தான்.

விமர்சகர் விளையாடுவது பெரும்பாலும் விலை உயர்ந்த கம்ப்யூட்டரிலோ புதிய கன்சோலிலோ. நம் வீட்டில் இருப்பது நாலு வருஷத்துக்கு முன் தவணையில் வாங்கிய லேப்டாப். கேம் ஒன்றுதான், ஓடும் மெஷின் வேறு.

அதனால் இரண்டு ரிவ்யூவும் பதில் சொல்வது இரண்டு வேறு கேள்விகளுக்கு. கதை எப்படி, சண்டை எப்படி, 50 மணி நேரத்துக்குப் பிறகும் சலிக்காமல் இருக்குமா? இதற்கு விமர்சகரிடம் பதில் இருக்கும். என் மெஷினில் ஓடுமா, வாங்கிய பிறகும் காசு கேட்குமா? இதற்கு முதல் நாள் பிளேயரிடம் பதில் இருக்கும்.

அப்போ பிளேயர் சொல்வதை அப்படியே நம்பலாமா?

அதுவும் முடியாது. 2020 ஜூனில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ வெளியானபோது, சில மணி நேரத்திலேயே மெட்டாகிரிட்டிக்கில் ஆயிரக்கணக்கானோர் பூஜ்ஜியம் போட்டார்கள். முடிக்கவே 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேம் அது. இப்படிக் கூட்டமாக வந்து மார்க்கைக் கவிழ்ப்பதைத்தான் ‘ரிவ்யூ பாம்பிங்’ என்கிறார்கள். இதற்குப் பிறகு மெட்டாகிரிட்டிக் ஒரு விதி கொண்டுவந்தது. கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர்கள் மார்க் போட முடியும்.

ஸ்டீம் 2019-லேயே வேறு வழி எடுத்தது. கேமுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகத் திடீரென்று குவியும் ரிவ்யூக்களை மொத்தக் கணக்கில் சேர்க்காது. ஆனால் அழிக்கவும் செய்யாது, வேண்டுமானால் படித்துக்கொள்ளலாம்.

நம்ம ஊர் ‘கங்குவா’ சண்டையும் இதேதான்

இந்த 36 மணி நேரக் கதை தமிழ் சினிமா ரசிகர்களுக்குக் கேட்ட மாதிரி இருக்குமே? ஆமாம். 2024 நவம்பர் 14-ல் சூர்யா நடித்த ஃபேண்டஸி படம் ‘கங்குவா’ வெளியானபோது முதல் காட்சியிலிருந்தே எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூபர்களை அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் தரப்பு கேட்டுக்கொண்டது. படம் வெளியாகி முதல் மூன்று நாட்கள் சமூக வலைதளங்களில் விமர்சனம் வெளியிடத் தடை கேட்டு, தமிழ்த் திரைப்பட நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. பதிலளிக்க மத்திய, மாநில அரசுகளுக்கும் யூடியூபுக்கும் நோட்டீஸ் அனுப்பியது.

ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்ன விஷயம் நடந்தது. ‘படத்துல சவுண்டு காதைக் கிழிக்குது’ என்று முதல் நாள் பார்த்த பலரும் சொன்னார்கள். அதைக் கேட்டு, தியேட்டர்களில் ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் அறிவித்தார். எல்டன் ரிங் அப்டேட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. முதல் நாள் பார்வையாளர் சொன்ன குறை, அடுத்து வந்தவருக்கு உதவியது.

மூன்று நாள் எல்லோரையும் பேசவிடாமல் வைத்திருந்தால், அந்த மூன்று நாளும் டிக்கெட் எடுத்தவர்களுக்குக் காது வலிதான் மிச்சமாகியிருக்கும்.

காசு கொடுக்கும் முன் என்ன செய்யலாம்?

* முன்பதிவு வேண்டாம். டிஜிட்டல் கேம் ‘ஸ்டாக் இல்லை’ என்று தீர்ந்துபோகப் போவதில்லை. ஒரு வாரம் பொறுத்தால் முதல் அப்டேட்டும் வந்துவிடும், உண்மையும் வந்துவிடும்.

* எந்த மெஷினில் ரிவ்யூ செய்தார்கள் என்று பாருங்கள். உங்களிடம் இருக்கும் கன்சோல் பதிப்புக்கு ஒரு ரிவ்யூகூட இல்லை என்றால், அதுவே எச்சரிக்கை மணி.

* ஸ்டீமில் ‘பரிந்துரைக்கவில்லை’ என்ற கருத்துகளைத் திறந்து படியுங்கள். உங்களுடையதைப் போன்ற கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் என்ன சொல்கிறார்? பத்து நிமிஷம் விளையாடியவரா, 40 மணி நேரம் விளையாடியவரா?

* ரீஃபண்ட் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே பொதுவாக அந்த வாய்ப்பு போய்விடும்.

* அந்த 2 மணி நேரத்தை வீணாக்காதீர்கள். ஃபேண்டஸி கேமில் கதாநாயகனின் மூக்கையும் தாடியையும் செதுக்குவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். கேமைத் திறந்து வைத்தாலே கடிகாரம் ஓடும். டிராகன்ஸ் டாக்மா 2 திணறியதோ கூட்டமான தலைநகரில். அங்கே போய்ச் சேருவதற்குள்ளேயே உங்கள் 2 மணி நேரம் முடிந்துவிடலாம்!

டேட்டா கணக்கு போட்டீங்களா?

யாரும் பேசாத ஒரு விஷயம் இது. எல்டன் ரிங் கேட்கும் இடம் 60 ஜிபி. ஃபைபர் இணைப்போ அன்லிமிடெட் 5ஜியோ இருப்பவருக்கு ஓரிரு ராத்திரி வேலை. ஆனால் பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் தினமும் 2 ஜிபி மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவருக்கு? 60-ஐ 2-ஆல் வகுத்தால் 30 நாள். ரீஃபண்ட் அவகாசமோ வாங்கிய நாளிலிருந்து 14 நாள்தான். கேம் முழுசாக இறங்குவதற்கு முன்பே பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை போய்விடும்.

எனவே இப்படிப்பட்டவர்கள், வேகமான இணைப்பு உள்ள நண்பர் வீட்டில் லேப்டாப்பை வைத்து டவுன்லோடு செய்ய ஏற்பாடு செய்துகொண்டு, அதற்குப் பிறகு வாங்குவது நல்லது.

முடிவாக...

90 மார்க் என்பது அந்த கேம் எவ்வளவு நல்லதாக இருக்க முடியும் என்பதைச் சொல்கிறது. முதல் நாள் பிளேயரின் புலம்பல், இன்றைக்கு அது நம் வீட்டில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. இரண்டையும் படிக்க அரை மணி நேரம் போதும்.

நாலாயிரம் ரூபாய்க்கு அந்த அரை மணி நேரம் ஒன்றும் அதிகமில்லை.