கொடுப்பது இரும்பு, வாங்குவது யார்?



மழையில் நனைந்த சைக்கிள் செயினைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? விரலில் செம்பழுப்பாகப் பொடி ஒட்டும். அதுதான் துரு. பளபளவென்று இருந்த இரும்பு எப்படிப் பொடியானது?

இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் வினைபுரிகிறது. ஆக்சிஜன் அதோடு சேர்ந்துகொள்கிறது. இதற்கு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். விறகு எரிவதும் ஆக்சிஜனேற்றம்தான். அது வேகமாக நடக்கும். துருப்பிடிப்பது மெதுவாக நடக்கும்.

இதற்கு நேர் எதிரானது ஒடுக்கம். ஹேமடைட் என்ற இரும்புத் தாதுவில் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தே இருக்கும். ஊது உலையில் போட்டுச் சூடாக்கும்போது, அந்த ஆக்சிஜனைக் கார்பன் மோனாக்சைடு வாயு பிடுங்கிக்கொள்ளும். சுத்தமான ஹேமடைட் 160 கிராம் எடுத்தால், அதில் இரும்பு 112 கிராம்தான். மீதி 48 கிராம் ஆக்சிஜன்! அது போனதும் எடை குறைந்துவிடும். ஒடுக்கம் என்ற பெயர் பொருத்தம்தானே?

பிடுங்கிய ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடாக மாறும். அதாவது தாது ஒடுக்கமடைகிறது, வாயு ஆக்சிஜனேற்றமடைகிறது. இரண்டும் எப்போதும் ஒன்றாகவே நடக்கும். கொடுப்பவர் இல்லாமல் வாங்குபவர் ஏது?

இன்னொரு சோதனை. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால், ஆணியின் மேல் செம்பு படியும். கரைசலின் நீல நிறம் மெல்ல மங்கும். இங்கே ஆக்சிஜன் யாரிடமும் போகவில்லை. இரும்பு அணு 2 எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது; கரைசலில் உள்ள செம்பு அவற்றை வாங்கிக்கொள்கிறது. அதனால் விஞ்ஞானிகள் விளக்கத்தை விரிவாக்கினார்கள்: எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம்.

“இழப்பதைப் போய் ஏற்றம் என்கிறீர்களே, டீச்சர்?” என்று என் வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி! ஏற்றம் என்ற சொல் ஆக்சிஜனைக் குறித்து வந்தது, எலக்ட்ரானைக் குறித்து அல்ல. இதை நினைவில் வைத்தால் தேர்வில் குழப்பம் வராது.

சரி, துருவால் என்ன பெரிய நஷ்டம் என்கிறீர்களா? 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தைக் கேளுங்கள். உப்புத் தண்ணீர், எலக்ட்ரான் பரிமாற்றத்தை வேகப்படுத்தும். துருவோ பொறுபொறுவென்று உதிர்ந்து, உள்ளே இருக்கும் இரும்புக்கும் வழி திறந்துவிடும். நூறாண்டுக்கு மேல் கடற்காற்றோடு போராடிய அந்தப் பாலத்தின் திறந்து மூடும் பகுதி அரிப்பால் பலவீனமடைந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை வைத்து, வெளியே தெரியும் எஃகுக்குத் தனி வகைப் பெயின்ட் பூசியிருக்கிறார்கள்.

வீட்டிலுள்ள இரும்பு வாளிக்கும் ஒரு காவலாளி உண்டு. அதுதான் நாகமுலாம், அதாவது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானைக் கொடுக்கும். பூச்சில் கீறல் விழுந்தாலும், தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும்!

நீங்களும் சோதித்துப் பாருங்கள். மூன்று பாட்டில்களில் ஒரே மாதிரியான புது ஆணிகளைப் போடுங்கள். ஒன்றைத் தண்ணீர் இல்லாமல் இறுக மூடுங்கள். இரண்டாவதில் பாதி ஆணி நனையும்படி தண்ணீர், மூன்றாவதில் அதே அளவு உப்புத் தண்ணீர் ஊற்றித் திறந்தே வையுங்கள். ஒரு வாரம் தினமும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆணி முதலில் எலக்ட்ரானைக் கொடுக்கத் தொடங்கியது என்று துருவே சொல்லிவிடும்!