மணல் திட்டில் நின்றவர்கள்

போர்வீரர் எழுதும் நூல்களிலே நான் முதலில் தேடுவது அவர்தம் வெற்றியை அன்று. தம் நெஞ்சே தம்மை வினவியதாக அவர்கள் ஒப்புக்கொள்ளும் இடத்தையே. அத்தகைய ஓரிடத்துக்காகப் பேர்னாட் பேர்கசனின் ‘பியொண்ட் த சிந்துவின்’ என்னும் நூலைப் பன்முறை எடுத்து வாசித்திருக்கின்றேன்.

பேர்கசன் ஸ்கொத்லாந்தின் எயர்ஷயரில் வேரூன்றிய தொன்மையான குடும்பமொன்றின் வழிவந்தவர். ‘பிளக் வொச்’ காலாட்படையின் அதிகாரி. தாடியும் ஒற்றைக்கண் கண்ணாடியும் அவருடைய அடையாளங்கள். 1943 பெப்ரவரியில், யப்பானியர் வசமிருந்த பர்மாவுக்குள் ஓட் விங்கேற் ஏறக்குறைய 3,000 பேரை அனுப்பினார். பர்மியக் கோயில் வாயில்களைக் காக்கும் ‘சிந்தே’ என்ற சிங்க உருவின் பெயரால் இவர்கள் ‘சிந்திற்’ படையினர் எனப்பட்டனர். உணவும் வெடிமருந்தும் விமானத்திலிருந்து போடப்பட்டன. இவர்களுள் 318 பேர் கொண்ட ஐந்தாம் அணி பேர்கசனின் பொறுப்பு. மார்ச் 6ஆந் திகதி அவ்வணி பொன்சோங்கில் புகையிரதப் பாலத்தைத் தகர்த்தது. அதனை விரித்துரைக்க எனக்கு விருப்பமில்லை. பாலங்கள் மீண்டும் கட்டப்படுவன.

திரும்பி வந்த வழியே என் மனத்தை விட்டகலாதது. மார்ச் 28இல் ஹிந்தா என்னும் ஊரில் நிகழ்ந்த மோதலில் கைக்குண்டுச் சிதறல் பேர்கசனின் இடுப்பைத் தாக்கியது. அக்காயத்தோடு சில நாட்கள் நடந்து, ஓர் இரவில் ஷ்வேலி ஆற்றை அடைந்தார். படகுகள் கொண்டுபோய் இறக்கிய இடம் மறுகரை அன்று. நடு ஆற்றில் ஒரு மணல் திட்டு! அப்பால் மார்பளவு நீர், கடும் இழுப்பு. பலர் கடந்தனர், சிலரை ஆறு கொண்டுபோயிற்று. பசியாலும் நோயாலும் தளர்ந்த நாற்பதுக்கு மேற்பட்டோர் நீரில் இறங்கத் துணியாது திட்டிலேயே நின்றுவிட்டனர். விடியுமுன் அகலாவிடின் கரையேறியவர்களும் அகப்படுவர். பேர்கசன் அவர்களை விட்டு நடந்தார்.

அம்முடிவு தாம் உயிரோடிருக்கும்வரை தம் மனச்சான்றை விட்டு நீங்காதென்பதை அவர் மறைக்கவில்லை. தலைவன் என்ற முறையில் அவர் வேறொன்றும் செய்திருக்க முடியாதென்பது என் எண்ணம். ஆயினும், அறைக்குள் அமர்ந்து வாசிப்பவனுக்கு அவ்வாறு தீர்ப்பளிப்பது எளிது. அவருக்கோ வீரப்பதக்கம் கிடைத்தது. அப்பதக்கத்தினால் அந்த இரவு அழிந்துவிடவில்லை.

318 பேரில் இந்தியா மீண்டவர் 95 பேர். அடுத்த ஆண்டே, 16ஆம் படைப்பிரிவின் தலைவராக, லேடோவிலிருந்து கால்நடையாக அவர் மீண்டும் பர்மாவுக்குள் புகுந்தார்.

நூல் வெளிவந்தது 1945இல். பகைவரிடம் அகப்பட்ட சிந்திற் படையினர் பலர் றங்கூன் சிறையிலேயே மாண்டிருந்தனர். எஞ்சியோர் வெளியே வந்ததும் அதே ஆண்டிலேதான்.