உங்களுக்குத் தெரியுமா? மட்டக்களப்புக்குத் தெரிந்த ஈரான்

கிழக்கிலங்கையின் சூஃபி மரபு முஸ்லிம்கள் ரபீஉல் ஆகிர் மாதத்தில் மௌலித் ஓதி நினைவுகூரும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி நாயகம், 11ஆம் நூற்றாண்டில் ஈரானின் கீலான் பகுதியில் பிறந்தவர் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. காஸ்பியன் கடலோரத்தில், மழை கொட்டும் பச்சை நிலம் அது. பலாங்கொடைக்கு அருகிலுள்ள ஜெய்லானிக்கு நம் பக்கத்திலிருந்து கந்தூரிக்குப் போகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் மலையேறுகிறார்கள்.

அதே கீலான்தான் இன்று ஈரானின் தேயிலை நாடு. இந்தியாவில் ஈரானியத் தூதரக அதிகாரியாக இருந்த காஷெஃப் அல்சல்தனே 1900ஐ ஒட்டி அங்கிருந்து தேயிலைக் கன்றுகளைக் கொண்டுபோய் லாஹிஜானில் நட்டார். அவரது சமாதி இப்போது தேயிலை அருங்காட்சியகம். ஈரானியர் தேநீரில் சீனி போட்டுக் கலக்குவது குறைவு. சீனிக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு கசப்புத் தேநீரை உறிஞ்சுவார்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கும் நம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஈரானியரில் மிகப் பெரும்பாலோர் அரபிகள் அல்லர். பாரசீகர், அசேரியர், குர்துகள், லூர்கள், பலூச்சிகள் எனப் பல இனத்தார் வாழும் நாடு அது. பெரும்பான்மையினர் ஷியாக்கள்; நம் முஸ்லிம்களோ பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் சுன்னிகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் செய்திகளை அடிக்கடி பார்க்கிறோம், வருத்தமாக இருக்கிறது.

இஸ்லாத்துக்கு முந்திய நவ்ரூஸ்தான் இன்றும் அவர்களின் பெரிய பண்டிகை. மார்ச் 20 அல்லது 21இல் வரும். வாரக்கணக்கில் வீடு கழுவித் துடைப்பார்கள். தட்டில் கோதுமை முளைக்கவிட்டு, ஆப்பிள், பூண்டு, வினாகிரி என ஏழு பொருட்களுடன் மேசையில் பரப்புவார்கள். பெரியவர்கள் புதுநோட்டைக் குர்ஆன் பக்கங்களுக்கிடையே வைத்திருந்து எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். மருத்துநீர் வைத்து முழுகி, புத்தாடை உடுத்திக் கைவிசேடம் வாங்கும் நம் சித்திரைப் பிள்ளைகளுக்கு அந்த நோட்டின் மணம் தெரியும்.

எண்ணெயைத் தேசியமயமாக்கிய இரண்டு நாடுகள், இரண்டு முடிவுகள். 1951இல் பிரதமர் மொசாதிக் பிரித்தானியக் கம்பனியின் கையிலிருந்த ஈரானிய எண்ணெயை நாட்டுடைமையாக்கினார். 1953 ஓகஸ்டில் அமெரிக்க, பிரித்தானிய உளவு அமைப்புகள் ஒத்துழைத்து அவர் ஆட்சியைக் கவிழ்த்தன. மன்னர் ஷாவின் பிடி இறுகியது. இலங்கையில் 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாகி, ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துகள் கையகப்படுத்தப்பட்டன. நட்டஈடு விவகாரத்தில் அமெரிக்கா 1963 பெப்ரவரியில் உதவியை நிறுத்தியது. நம் நாட்டில் பறிபோனது உதவிப் பணம். ஈரானியர் இழந்தது தாங்கள் தேர்ந்த வழியை. அந்த ஷாவை வீழ்த்திய 1979 புரட்சியில் கொதித்த கோபத்தின் ஒரு வேர் 1953இல்தான் இருக்கிறது.

1969இல் திறந்த சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்குப் பொருந்த அமைக்கப்பட்டது. 2012இல் அமெரிக்கா ஈரான்மீதான தடைகளை இறுக்கியபோது அந்த வழி அடைபட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் எரிபொருள் விலை ஏறி, சிலாபத்தில் ஆர்ப்பாட்டம் செய்த மீனவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வாவியில் தோணி வலிப்பவருக்கு மண்ணெண்ணெய் தேவையில்லை. கடலுக்கு இயந்திரப் படகு இறக்குபவருக்கு அதுவே உயிர். வாழைச்சேனைத் துறைமுகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அப்போது வாங்கிய எண்ணெய்க்கான ஏறத்தாழ 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாகத் தீர்க்க 2021 டிசம்பரில் இலங்கை ஒப்பந்தம் செய்தது. மாதம் 50 லட்சம் டொலர் பெறுமதித் தேயிலை என்பது கணக்கு. லாஹிஜான் விளைச்சல் அவர்களுக்கே போதாது.

உமா ஓயா 120 மெகாவாட் நீர்மின் திட்டத்தைக் கட்டியது ஈரானின் ஃபராப் நிறுவனம். தடைகளால் ஈரானியக் கடன் நின்றுபோக, மிச்சச் செலவை இலங்கையே சுமந்தது. சுரங்கம் தோண்டியதில் பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி, வீடுகளில் விரிசல் விழுந்தது. திறப்புவிழாவில் அந்தக் குடும்பங்களைப் பற்றித்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 24இல் திறந்துவைத்த ஈரானிய ஜனாதிபதி ரைசி, மே 19இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார்.

பெண்ணின் தலைத்துணியில் கைவைக்காத ஆட்சி ஈரானில் குறைவு. 1936இல் அப்போதைய மன்னர் ரேஸா ஷா அதைக் கட்டாயமாகக் கழற்றச் சொன்னார். பொலிசார் தெருவில் பறித்தார்கள். 1979 மார்ச் 8இல், கட்டாய ஹிஜாபை எதிர்த்துத் தெஹ்ரான் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். 1983இல் ஹிஜாப் இல்லாவிட்டால் கசையடி எனச் சட்டம் வந்தது. 2022 செப்டெம்பரில் ஒழுக்கப் பொலிசாரின் காவலில் இருந்த 22 வயதுக் குர்துப் பெண் மஹ்சா அமினி இறந்தபோது, ‘பெண், வாழ்வு, விடுதலை’ என்ற குர்து முழக்கம் நாடெங்கும் எழுந்தது. இங்கே, 2019 உயிர்த்த ஞாயிறில் மட்டக்களப்பு சியோன் தேவாலயம் குண்டுக்கு இரையான எட்டாம் நாள், அவசரகாலச் சட்டத்தால் முகத்திரை தடைசெய்யப்பட்டது. யாரோ செய்த குற்றத்துக்காகச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகத் தயங்கியவர்கள் சாதாரணப் பெண்கள். போடச் சொன்னாலும் கழற்றச் சொன்னாலும், அவளைக் கேட்காமல் சொல்வது அநியாயமே.

2025 ஜூன் 23 இரவு ஈரான் கட்டாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை நோக்கி ஏவுகணைகளை ஏவியது. வளைகுடாவில் பிள்ளையோ மனைவியோ வேலை செய்யும் நம் வீடுகளில் அப்படிப்பட்ட இரவுகளில் யாரும் தூங்குவதில்லை.

ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே சோடி சப்பாத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பள்ளிக்கு ஓடுவார்கள். அதைத் தமிழில் இயக்குநர் சாமி ‘அக்கா குருவி’ (2022) ஆக்கினார். இளையராஜா இசை. இன்னோர் ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹிக்கு 2010இல் 20 ஆண்டுகள் படமெடுக்கத் தடை விதிக்கப்பட்டது. அவர் எடுப்பதை நிறுத்தவில்லை. அரச அனுமதி இல்லாமல் எடுத்த படத்துக்கு 2025இல் கான் விழாவின் முதற்பரிசு கிடைத்தது.