சுற்று நேரமும் வண்டியின் அமைவும்

இலங்கைக்கு மோட்டார்ப் பந்தயம் புதிதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளம் பின்னர்ப் பந்தயக் களமும் ஆயிற்று. ஆயினும் பந்தய வண்டியொன்றை வைத்துப் பேணுதல் பெரும்பாலார்க்கு எட்டாத செலவாகும். இன்றோ வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடியறையில் அமர்ந்திருக்கும் மாணவனும், சுக்கானும் மிதிகளும் பூட்டிய கணினியின் துணைகொண்டு அவ்வித்தையைப் பயிலலாம்.

இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளுதல் பொருந்தாது. ரயரின் பிடிப்பு, வில்லுகளின் இறுக்கம், காற்றின் தடை ஆகியவற்றைக் கணினி கணந்தோறும் கணித்தே வண்டியை ஓட்டுகின்றது. ‘கிரான் டுரிஸ்மோ’ என்னும் விளையாட்டின் வழியாக 2011ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஜான் மார்டன்பரோ என்னும் பிரித்தானிய இளைஞர், 2013ஆம் ஆண்டில் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் மெய்யான வண்டியையே ஓட்டினார்.

பயில்வோன் பிறரினும் மூன்று செக்கன் பின்தங்கினால் உடனே வண்டியின்மேற் பழி சுமத்தி, அதன் அமைவை மாற்றத் தலைப்படுகிறான். இது சரிதானா என்பதைக் கணக்கே காட்டும். 50 மீற்றர் ஆரையுள்ள வளைவில், உராய்வுக் குணகம் 1 எனின், நழுவாது செல்லத்தக்க உயர்ந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். பாதையின் அகலம் முழுவதையும் பயன்படுத்தி, வெளிவிளிம்பில் நுழைந்து, உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளிவிளிம்பை அடைபவன் அவ்வளைவையே 60 மீற்றர் ஆரையுடையதாக்கினால், வேகம் 87 கிலோமீற்றராகும். அவ்வேகத்தைப் பழைய வழியிற் பெறவேண்டின் பிடிப்பு ஐந்திலொரு பங்கு உயரவேண்டும். எந்தத் திருகைத் திருப்பினும் அத்துணைப் பயன் கிட்டுதல் அரிது. ஆதலின் முதலிற் செப்பமுற வேண்டுவது ஓட்டுவோனின் கையே.

இரண்டாவது, சீர்மை. ஒரே அமைவில் பத்துச் சுற்றுகள் ஓடிப் பார்க்கவேண்டும். அவற்றுள் விரைந்ததற்கும் தாழ்ந்ததற்கும் ஒரு செக்கன் வேறுபாடு உண்டெனின், 0.2 செக்கன் தரும் மாற்றத்தை அவன் எவ்வாறு உணர்வான்? எரிபொருளையும் மறத்தலாகாது. 40 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 30 கிலோகிராம் எடையுள்ளது. அது தீரத்தீர வண்டி இலேசாகி நேரம் தானே குறையும். அக்குறைவை அமைவின் வெற்றியென மயங்குதல் கூடாது.

இவ்விரண்டும் கைகூடிய பின்னரே அமைவுக்கு இடமுண்டு. வளைவிற் செல்லும் வண்டியின் பாரம் வெளிப்புறச் சில்லுகளுக்குப் பெயர்கின்றது. பாரம் இருமடங்கானால் ரயரின் பிடிப்பு இருமடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே உயரும். ஆகவே முன்புறமும் பின்புறமுமாகிய இரண்டனுள் எப்பக்கத்திற் பாரம் மிகுதியாகப் பெயர்கிறதோ அப்பக்கம் பிடிப்பை இழக்கும். வண்டி சாய்வதைத் தடுக்கும் தண்டை முன்புறத்தில் இறுக்கினால் மூக்கு வளைவைவிட்டு வெளியே ஓடும். பின்புறத்தில் இறுக்கினால் வால் வீசும். பின்னிறகைச் சரித்து வைத்தால் விரைந்த வளைவிற் பிடிப்பு மிகும். நேர்ப்பாதையில் வேகம் குறையும். ஒன்றைக் கொடுத்தே ஒன்றைப் பெறவேண்டியுள்ளது.

எனவே ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல், மாற்றியதைக் குறித்துவைத்தல், மீண்டும் பழைய அமைவிற் சென்று ஒப்புநோக்குதல் என்பனவே முறையாகும். பலவற்றை ஒருங்கே மாற்றுவோன் நேரம் குறைந்தாலும் காரணம் அறியான். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்று வள்ளுவர் வகுத்த நெறி இதற்கும் பொருந்தும். வீணைக்குச் சுருதி கூட்டுவோன் எல்லா முறுக்காணிகளையும் ஒருங்கே திருகுவதில்லையன்றோ?

கடிகாரம் முகதாட்சணியம் அறியாதது. தன் பிழையைக் கருவியின்மேல் ஏற்றாது, அளந்து, ஆராய்ந்து, திருத்திக்கொள்ளும் பழக்கத்தை ஓர் இளைஞன் இவ்விளையாட்டிற் பெறுவானாயின், அவன் ஆய்வுகூடத்திலும் வாழ்விலும் அதனை இழக்கமாட்டான். குறைந்த சில செக்கன்களினும் அதுவே பெரிய ஊதியம்.